பதினேழு கதிரைகளும் 4பி விதியும்

1. நடுவட்டத்தில் கதிரைகள்

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்குத் திரும்பி வந்தால், நடுவட்டத்துக்குள் பதினேழு கதிரைகள் போட்டிருந்தார்கள். எல்லாம் மெல்லிய கால் வைத்த பிளாஸ்டிக் கதிரைகள். அதற்கு முன் இரண்டு நாள் மழை. ஒவ்வொரு கதிரையும் நான்கு ஓட்டை போடும் என்றால் மொத்தம் எத்தனை ஓட்டை என்று கணக்குப் பார்த்துக்கொண்டு நடந்தேன். கிட்டப் போனபோது குத்துவிளக்கு தெரிந்தது. நிறைகுடத்தைச் சரியாக கிக்-ஓஃப் புள்ளியில் வைத்திருந்தார்கள். அந்தப் புள்ளியை அன்று காலையில்தான் நான் குந்தியிருந்து போட்டேன்.

கவுன்சிலின், அதாவது நகரசபையின், பார்க்குகளைப் பராமரிக்கிற கொம்பனி ஒன்றில் இருபத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். அதற்கு முன் பென்ரோஸில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி தூக்கினேன். புல் வெட்டுவது, கோடு போடுவது, கோல் போஸ்டுக்கு வலை கட்டுவது, மழைக்குப் பிறகு மைதானம் விளையாடக்கூடியதா இல்லையா என்று பார்த்துச் சொல்வது, இவ்வளவும் அந்த நாட்களில் என் வேலை. படித்தது ஒன்பதாம் வகுப்பு வரை. எழுதுவதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற நம் பிள்ளைகள் சிலர் அனுபவத்தை எழுதச் சொல்லிக் கேட்டபடியால் முருகனை நினைத்து எழுதுகிறேன்.

அன்றைய மட்ச், யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் இரண்டின் ஒக்லாந்து பழைய மாணவர் சங்கங்கள் வருடத்துக்கு ஒருமுறை விளையாடுகிற கால்பந்து. கல்லூரிகளின் பெயரை எழுதினால் இரண்டு வாட்ஸ்அப் குழுக்களும் என்னைச் சும்மா விடாது. ஆகவே ஒன்றைப் பச்சைக் கல்லூரி, மற்றதை மஞ்சள் கல்லூரி என்று எழுதுகிறேன். நான் இரண்டிலும் படிக்கவில்லை. நம்மவர் யாரையாவது முதன்முதல் சந்தித்தால் கேட்கிற கேள்வி, "நீங்கள் எந்தக் கொலிஜ்?" என்பது. நான் படித்த சின்ன வித்தியாலயத்தின் பெயரைச் சொன்னால் "ஆ, நல்லது" என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நிற்கிறவரோடு கதைக்கத் தொடங்குவார்கள். பழகிவிட்டது.

2. தடித்த கோடு

அந்தக் கதிரைகளைக் கண்டு நான் ஏன் அவ்வளவு பதறினேன் என்று விளங்க, அந்த வாரத்துப் புதன்கிழமைக்குப் போக வேண்டும்.

புதன்கிழமை வெயில் இருந்ததால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கார் பார்க்கில் ஒரு கார் வந்து நின்றது. ஒரு பெண், தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு புல்லில் நடந்து வந்தார். ஹென்டர்சனில் இருந்து வருவதாகச் சொன்னார். தகப்பனின் பெயர் துரைரத்தினம். எண்பத்தைந்து வயதிருக்கும். அந்தப் பெயர் எனக்கே தெரியும். மஞ்சள் கல்லூரியின் சென்டர் ஃபோர்வேட். பிறகு நாட்டுக்கு விளையாடியவர். ஒரே மட்சில் பச்சைக் கல்லூரிக்கு எதிராக ஐந்து கோல் அடித்தவர். அந்தக் கதையைச் சொல்லாமல் மஞ்சள் கல்லூரிக்காரர் ஒருவரும் கலியாண வீட்டில் சாப்பிட்டு எழும்ப மாட்டார்கள்.

"தம்பி, நீர்தானோ கோடு போடுறது?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா."

"கொஞ்சம் தடிப்பாய்ப் போடுவீரோ? மெல்லிய கோடு எனக்குத் தெரியாது."

மகள் எனக்கு விளக்கினார். அவருடைய இரண்டு கண்ணிலும் நடுவில் கறை விழுந்துகொண்டு வருகிறதாம். ஓரத்தால் பார்த்தால் தெரியும், நேரே பார்த்தால் தெரியாது. வெளிச்சம் குறைந்தால் அதுவும் இல்லை. அடுத்த குளிர்காலம் வரைக்கும் பந்து தெரியுமென்று டொக்டர் உறுதி சொல்லவில்லை. ஆகவே இரண்டு கல்லூரியும் விளையாடுகிற மட்ச் ஒன்றை, கடைசியாக, தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"என்னைக் கூப்பிட்டிருக்கினம். ஏதோ மாலை போடப் போகினமாம்," என்றார் ஐயா. "அது கிடக்கட்டும். மட்ச் எத்தினை மணிக்குத் தொடங்கும்?"

புக்கிங் தாளில் இரண்டு மணி என்று இருந்தது. சொன்னேன்.

"வெளிச்சத்தோட முடிஞ்சிடுமோ?"

ஜூலை மாதம், இங்கே நடுக் குளிர்காலம். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். முகில் இருந்தால் நாலே முக்காலுக்கே பந்து மங்கும். இரண்டு மணிக்குத் தொடங்கினால் நாலுக்கு முன் முடியும். "முடிஞ்சிடும் ஐயா, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று வாக்குக் கொடுத்தேன். நான் பார்க்கிற வேலை புல்லும் பெயிண்டும். கூட்டங்களின் நேரத்தைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம் இருந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

கோட்டை இரண்டு தரம் பக்கம் பக்கமாகப் போட்டேன். மழை கழுவியதைச் சனிக்கிழமை காலை வந்து மறுபடியும் போட்டேன். ரெஃபரி மலேசியத் தமிழர், ஸ்டீவன் என்று பெயர். எந்தச் சங்கத்திலும் இல்லாதவர், ஆகவே இரண்டு பகுதியும் நம்புகிறவர். மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"என்னண்ணே இது, லைனா மோட்டர்வேயா? பந்து இதுக்குள்ள நின்னா உள்ளயா வெளியயா, நான் எப்படி லா சொல்றது?"

காரணத்தைச் சொன்னேன். பூட்ஸ் நுனியால் கோட்டின் அகலத்தை அளந்தார். பிறகு, "சரிண்ணே. வெளி ஓரத்தைத்தான் கணக்கு வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

3. பதினேழு எப்படி வந்தது

அந்த வருடம் மட்சை நடத்துகிற முறை பச்சைக் கல்லூரிக்கு. அவர்களுடைய தலைவர் பேரின்பநாதன், எக்கவுண்டன்ட். எதிர்க் கல்லூரியின் வீரருக்குத் தாங்கள் பொன்னாடை போர்த்தப் போவதாக அவர் அறிவித்தபோது எல்லோரும் பெருந்தன்மை என்று புகழ்ந்தார்கள். உண்மை என்னவென்றால், மஞ்சள் சங்கம் செப்டம்பரில் தன் டின்னரில் ஐயாவைக் கௌரவிக்க இருப்பது இவர்களுக்குக் கசிந்துவிட்டது. முந்திக்கொண்டார்கள்.

உடனே பச்சைக்குள் ஒரு முணுமுணுப்பு. எங்களுக்கு ஐந்து கோல் அடித்தவருக்கு மாலை, அந்த ஐந்தையும் வாங்கின எங்கள் கோல்கீப்பருக்கு ஒன்றும் இல்லையா என்று மூத்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கோல்கீப்பர் காலமாகிவிட்டார். ஆகவே மவுண்ட் ரொஸ்கில்லில் இருக்கிற அவருடைய மச்சானைக் கௌரவிப்பதாகத் தீர்மானித்தார்கள். மச்சான் வாழ்நாளில் பந்தை உதைத்தவர் அல்ல. பிறகு ரோல்ஸ் கொடுக்கிற உணவகக்காரர், ஜேர்சி அச்சடித்துக் கொடுத்தவர், முன்னாள் தலைவர்கள், அவர்களில் ஒருவரோடு கோபித்துக்கொண்டிருந்த இன்னொருவர் என்று எட்டுப் பேர் ஆனார்கள்.

மஞ்சளின் தலைவர் யோகலிங்கம், த்ரீ கிங்ஸில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர், இதைக் கேட்டுச் சும்மா இருப்பாரா? எங்கட ஆளை வைத்து நீங்கள் எட்டுப் பேருக்குப் போர்த்துவதென்றால் எங்களிலும் எட்டுப் பேர் என்றார். எட்டும் எட்டும் பதினாறு. துரைரத்தினம் ஐயாவோடு பதினேழு. நிகழ்ச்சியின் சிகரம் என்பதால் ஐயாவைக் கடைசியில் வைத்தார்கள்.

4. நாலு பி

ஒன்றரைக்கு விளக்கேற்றினார்கள். காற்றுக்கு மூன்று தரம் அணைந்து மூன்று தரமும் ஏற்றினார்கள். பிறகு வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை. இரண்டு மணிக்கு ஆட்டக்காரர்கள் ஓரத்தில் துள்ளி உடம்பைச் சூடேற்றினார்கள். இரண்டரைக்குத் துள்ளுவதை நிறுத்திவிட்டு ரோல்ஸ் சாப்பிட்டார்கள். அதில் பாதிப் பேருக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

ஒவ்வொரு கௌரவிப்புக்கும் ஒரு முறை இருந்தது. முதலில் அவரைப் பற்றிய வாழ்த்துரை. பிறகு மாலை. பிறகு பொன்னாடை. அதைப் போர்த்துகிறவரும் ஒரு பிரமுகர் என்பதால் அவரைப் பற்றி ஒரு சின்ன வாழ்த்துரை. பிறகு படம். படத்துக்கு வராதவர் ஓடி வந்த பிறகு மறுபடியும் படம். மூன்று மணிக்கு எட்டுப் பேர் முடிந்திருந்தார்கள். முகில் இறங்கிக்கொண்டிருந்தது.

துரைரத்தினம் ஐயா பதினேழாவது கதிரையில் குளிரில் சுருண்டு இருந்தார். போர்த்திக் கழற்றிய பொன்னாடைகள் எட்டும் மேசையில் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. அதில் ஒன்றை எடுத்து அந்த மனிதருக்குப் போர்த்த ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருடைய முறை இன்னும் வரவில்லை அல்லவா.

என்னைக் கண்டதும் மகள் எழுந்து வந்தார். அப்பா மூன்று தரம் நேரம் கேட்டுவிட்டார் என்றார். நான் பேரின்பநாதனிடம் போய், ஐயாவுக்குக் கண் பிரச்சினை, வெளிச்சம் போவதற்குள் மட்சைத் தொடங்கினால் நல்லது என்று பணிவாகச் சொன்னேன். "ஓம் அண்ணை, ஓம் அண்ணை, இந்தா முடியுது" என்று என் தோளில் தட்டிவிட்டு ஒன்பதாவது ஆளைக் கூப்பிட்டார். யோகலிங்கத்திடம் போனேன். தங்கள் எட்டுப் பேரில் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள், அதைக் குறைத்தால் அவமானம் என்றார்.

கார் பார்க்குக்குப் போய் என் வான் வண்டிக்குள் ஏறி இருந்தேன். டாஷ்போர்டில் முருகன் படம் இருக்கிறது. சனிக்கிழமை எனக்கு விரதம், மதியம் மரக்கறிச் சாப்பாடு மட்டும். அன்று பொய் சொல்வதில்லை என்பது என் வழக்கம். மற்ற நாளிலும் கூடியமட்டும் சொல்வதில்லை. அப்பனே, நீ கோபித்தாலும் பரவாயில்லை, அந்தக் கிழவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். பிறகு குளிருக்குப் போட்டிருந்த ஜம்பருக்கு மேல், மைதான வேலைக்காரர் போடுகிற ஒரேஞ்ச் நிற வெஸ்ட்டைப் போட்டு, கிளிப்போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே மைக் இருந்த இடத்துக்கு நடந்தேன்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேட்டியோடு கோயிலில் நின்றால் என்னை ஒருவருக்கும் தெரியாது. ஜம்பரோடு போய்ப் பணிவாகச் சொன்னால் தோளில் தட்டுவார்கள். ஒரேஞ்ச் வெஸ்ட்டைக் கண்டதும் வாழ்த்துரை வாசித்துக்கொண்டிருந்தவர் தானாகவே நிறுத்தினார்.

"கவுன்சில் ரூல்," என்றேன். "மழை பெய்த கிரவுண்டில இருபது நிமிசத்துக்கு மேல கதிரை போட்டு இருக்கேலாது. மீறினா கிரவுண்டை மூட வேணும். அடுத்த வருசம் புக்கிங்கும் இல்லை."

அப்படி ஒரு விதி கிடையாது.

பேரின்பநாதன் கணக்கு வேலை செய்கிறவர். விடவில்லை. "அது எந்த செக்ஷன், அண்ணை?"

"நாலு பி," என்றேன். ஏன் நாலு, ஏன் பி என்று முருகனுக்குத்தான் தெரியும்.

"எழுத்தில இருக்கோ?"

கிளிப்போர்டை அவர் பக்கம் நீட்டினேன். அதில் இருந்தது பெயிண்ட் எத்தனை ட்ரம் மிச்சம் என்ற தாள். அவர் வாசிக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் எல்லோரும் கவுன்சில் கடிதத்தை அப்படித்தான் பார்ப்போம். மேலே இருக்கிற முத்திரையைத் தேடுவோம், பிறகு பயப்படுவோம். யோகலிங்கம் ஒருபடி மேலே போய், "ஓம் ஓம், நாலு பி, எனக்குத் தெரியும். நான் அப்பவே சொன்னனான்" என்று தன் ஆட்களிடம் சொன்னார். அவருக்குத் தெரியாத ஒன்றைப் பச்சைக்காரர் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாதே.

5. மறைக்குது

இரண்டு நிமிடத்தில் நடந்ததை நான் இருபத்தொரு வருடத்தில் கண்டதில்லை. கதிரைகள் பறந்தன. நிறைகுடத்தை ஒருவர் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். மிச்சம் இருந்தவர்களை டச்லைனுக்கு வெளியே வரிசையாக நிறுத்தி, யார் யாருக்கு என்று பார்க்காமல் பொன்னாடைகளை எறிகிற மாதிரிப் போர்த்தினார்கள். வாழ்த்துரைகளை வாசிக்காமல் கையில் கொடுத்தார்கள். ஜேர்சி அடித்தவரின் கையில் ஒரு பல் வைத்தியரின் வரலாறு போய்ச் சேர்ந்தது.

ஸ்டீவன் தாமதிக்கவில்லை. மூன்றே காலுக்கு விசிலை ஊதிவிட்டார். "அண்ணே, நாலு பி-ன்னா எங்க ஊர்ல அது ஒரு கிளாஸ் ரூம்" என்று என் காதில் சொல்லிவிட்டு ஓடினார்.

ஐயாவை அதற்கு முன்பே நானும் மகளுமாகக் கையைப் பிடித்து நடத்தி, ஹாஃப்வே லைனுக்கு நேரே, டச்லைனில் இருந்து ஒரு பாகம், அதாவது ஆறடி, தள்ளிக் கதிரை போட்டு இருத்தியிருந்தோம். என் வானில் கிடந்த போர்வையைப் போர்த்திவிட்டேன். உரம் மணக்கும். அவர் அதைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பந்து போனால் தலை மறுபக்கம் சாயும்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பச்சையின் ஃபுல் பேக் ஒருவர் தன்னுடைய சொந்தக் கோலுக்குள்ளேயே ஒன்றைத் தலையால் அடித்தார். மஞ்சளின் கோல்கீப்பர் ரோல்ஸ் சாப்பிட்ட கையால் பந்தைப் பிடிக்க, அது வழுக்கி வலைக்குள் போனது. ஒன்றுக்கு ஒன்று. ஓடியதைவிட மூச்சு வாங்கிய நேரம் கூட.

இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். பேரின்பநாதன் மேசையைப் பார்த்தார். மற்றவர்கள் தங்களுடையதை எடுத்துப் போய்விட, பிரிக்காத சாதாரணப் பொன்னாடை ஒன்று மட்டும் மிஞ்சிக் கிடந்தது. ஆட்களை எண்ணினார். பதினாறு. அப்போதுதான் விளங்கியது. யாருக்காக இந்த விழா தொடங்கியதோ அவருக்கு மட்டும் போர்த்தவில்லை. அவருக்கென்று வாங்கி வைத்த ஜரிகைப் பொன்னாடை, கோல்கீப்பரின் மச்சான் தோளில் இருந்தது. மச்சான் அதோடு காருக்குள் ஏறி ஹீட்டரைப் போட்டுவிட்டார்.

இதை யோகலிங்கமும் கண்டுவிட்டார். எங்கள் கல்லூரியின் சிங்கத்தைக் கூப்பிட்டு வைத்து அவமானப்படுத்திவிட்டீர்கள் என்று கத்தினார். இதைத் திட்டமிட்டுச் செய்ததாகவும், செயற்குழுவைக் கூட்டப் போவதாகவும் சொன்னார். பேரின்பநாதன் கார் பார்க்குக்கு ஓடினார். மச்சானோடு என்ன வாக்குவாதம் நடந்ததோ தெரியாது, பொன்னாடையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி ஓடி வந்தார். யோகலிங்கம் அதன் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு தலைவரும், பின்னால் படம் பிடிக்கிறவருமாக வந்து ஐயாவுக்கு முன்னால் நின்றார்கள். அந்த நேரம் மஞ்சளுக்கு ஒரு கோர்னர் கிக் கிடைத்திருந்தது.

பேரின்பநாதன் தொண்டையைச் செருமினார். "பெருமதிப்புக்குரிய ஐயா அவர்களே..."

ஐயா தலையை இந்தப் பக்கம் சாய்த்தார். அந்தப் பக்கம் சாய்த்தார். இரண்டு பக்கமும் தலைவர்கள்.

"தம்பிமார்," என்றார். குரல் மெல்லியது, ஆனால் டச்லைன் முழுக்கக் கேட்டது. "கோர்னர் எடுக்கினம். தள்ளி நில்லுங்கோ. மறைக்குது."

தள்ளி நின்றார்கள். இருவரும் பொன்னாடையின் ஆளுக்கொரு நுனியைப் பிடித்தபடி, கடைசி விசில் வரைக்கும், கோயில் வாசலில் திரைச்சீலை பிடிக்கிறவர்கள் மாதிரி ஓரமாகவே நின்றார்கள். கோர்னர் கோல் ஆகவில்லை. உதைத்தவர் கொடிக்கம்பைத்தான் உதைத்தார்.

ஸ்டீவன் கடைசி விசிலை ஊதியபோது நாலே முக்கால். வெளிச்சம் ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது. நான் ஐயாவுக்குப் பக்கத்தில் குந்தினேன். தெரிந்ததா ஐயா என்று கேட்கவே பயமாக இருந்தது.

"தம்பி," என்றார். "இவ்வளவு மோசமான மட்ச் நான் என்ர சீவியத்தில பாக்கேல்லை." கண்ணைத் துடைத்தார். குளிரோ என்னவோ. "முழுக்கப் பாத்தன்."

6. பிறகு

பொன்னாடை கடைசியில் அவருக்குப் போர்த்தப்படவே இல்லை. இருட்டில் படம் வராது என்று விட்டுவிட்டார்கள். பேஸ்புக்கில் பதினாறு பேரின் படங்கள் வந்தன. இரண்டு சங்கங்களின் அறிக்கைகளிலும், துரைரத்தினம் ஐயா ஆயிரக்கணக்கானோரின் கரகோஷத்தின் நடுவே கௌரவிக்கப்பட்டார் என்று இருந்தது. நாயோடு நடக்க வந்தவர்களையும் சேர்த்தால் அன்று அங்கே எண்பது பேர் இருந்திருப்போம்.

பொய் என் நெஞ்சில் கிடந்தது. திங்கட்கிழமை காலை என் சூப்பர்வைசர் சியோனியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டொங்கா நாட்டுக்காரர், ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவர். திட்டுவார் என்று நினைத்தேன். நடுவட்டத்தின் ஓட்டைகளைப் படம் எடுத்து வைத்திருந்தேன், அதையும் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, தங்கள் ஆட்களின் விழாக்களும் இப்படித்தான் என்றும், இது நல்ல ரூல், இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டார். புக்கிங் எடுக்கிறவர்களுக்கு நாங்கள் கொடுக்கிற தாளில் அதை அன்றே சேர்த்தார். அந்தத் தாளில் நாலாவது பகுதியில் ஏ மட்டும்தான் இருந்தது. இது பி ஆயிற்று.

முருகனிடமும் போய்ச் சொன்னேன். நான் சொன்னபோது அது பொய், இப்போது உண்மை, நீயே பார்த்துக்கொள் என்றேன். திருநீறு பூசிக்கொண்டு வந்தேன். அடுத்த வருடம் மஞ்சள் சங்கத்தின் அழைப்பிதழில், கவுன்சில் விதி 4பி-க்கு அமைய உரைகள் இருபது நிமிடத்துக்குள் முடியும் என்று அச்சடித்திருந்தார்கள். அந்த விதியைக் கொண்டுவந்தது தங்கள் தலைவர்தான் என்று யோகலிங்கத்தின் ஆட்கள் சொல்லித் திரிந்தார்கள். நான் என் பாட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல இருப்பது இதுதான். மைதானத்துக்கு வருகிற எல்லோரும் உங்களுக்கு வேலை சொல்வார்கள். கொடியை இங்கே நடு, மேசையை அங்கே போடு என்பார்கள். செய்யுங்கள், அதற்குத்தான் சம்பளம். ஆனால் அன்றைக்கு யாருக்காக அந்த இடம் திறந்திருக்கிறது என்று முதலில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அவருக்கு என்ன வேணும் என்று அவரிடமே கேளுங்கள். அதைச் செய்துவிட்டு, அவருக்கு மறைக்காத இடமாகப் பார்த்துப் போய் நில்லுங்கள்.